கிணற்றுத் தண்ணீரில் என்ன கோளாறு?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. வாடையில்லை, சுவையிலும் குறை தெரியவில்லை. ஆனால் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பற்கள் பழுப்பேறின. பெரியவர்கள் சிலருக்கு எலும்பும் மூட்டும் விறைத்துப்போயின. பாறையிலிருந்து நீரில் கரைந்த ஃபுளோரைடுதான் காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆகவே, கண்ணையும் நாக்கையும் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

முதல் வேலை, தண்ணீரைச் சோதிப்பது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டில் ஆகாது. நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

இறைத்தபோது தெளிவாக இருந்து, குடத்தில் வைத்தபின் செம்மண் நிறமாக மாறினால் அது இரும்பு. ஷவர் போல மேலிருந்து தொட்டியில் விழவிட்டுக் காற்றுப்படச் செய்து, தெளியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டால் பெரும்பகுதி போய்விடும். சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத கடினநீர் தொல்லைதான். ஆனாலும் பெரும்பாலும் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

நாட்டுக் கிணற்றில் அதிகம் பயப்பட வேண்டியது கிருமிக்கு. கக்கூஸ் குழியும் மாட்டுத் தொழுவமும் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் கட்டாயம். 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. கலங்கிய நீருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 28,000 லிட்டர் இருக்கும். 70 கிராம் போதும். பவுடரை வாளியில் கூழாகக் குழைத்து, நீர்விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி அலசுங்கள். ஒரு மணி நேரமாவது இறைக்கக் கூடாது. இரவில் போட்டுக் காலையில் இறைப்பது நல்லது. திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளியவைக்கும். அந்தத் தெளிவை வைத்துக் கிருமி செத்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். குடிக்கும் நீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டுக்கும் இந்த வைத்தியம் எதுவும் உதவாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி, மிச்சத்தில் அவற்றின் செறிவுதான் கூடும். லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையும் நைட்ரேட் 45 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தாண்டினால் ஆர்.ஓ. கருவி வேண்டும், அல்லது குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர் வேண்டும். மழைநீர்த் தொட்டி இங்கே பெரிய துணை. நைட்ரேட் மிகுந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம்பாரிக்கும்.

ஆர்.ஓ. கருவி எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. உள்ளே போகும் நீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியேறுவதும் உண்டு. ஆய்வக முடிவு கைக்கு வரும்வரை எந்தக் கருவிக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.