கரந்தையும் பாடாணும்: காங்கேசன்துறை வட்டார விளையாட்டுக் கழகங்களின் வீரர் கௌரவிப்பும் ஊர்ப்பணியும்

ஈழத்துத் தமிழரின் பண்பாட்டு வரலாற்றை ஆராய்ந்தோர் கோயிலையும் பாடசாலையையும் பத்திரிகையையும் விரிவாகவே நோக்கியுள்ளனர். கூத்தும் நாடகமும்கூடத் தக்க கவனிப்பைப் பெற்றுவிட்டன. ஆயின், யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும் காணப்படுகின்ற விளையாட்டுக் கழகம் ஆய்வாளரின் பார்வைக்கு வெளியேயே நின்றுவந்திருக்கின்றது. விளையாட்டைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடும் மனப்பாங்கு இதற்கு ஒரு காரணமாகலாம். உடலுழைப்பைத் தாழ்வாகவும் ஏட்டறிவை உயர்வாகவும் மதிக்கும் நமது மத்தியதர வர்க்கத்தின் கல்விக் கொள்கை அதனிலும் வலுவான காரணமென்பது எமது கருத்து.

இக்கழகங்களின் ஆண்டு நிகழ்ச்சிகளிலே இரண்டு அம்சங்கள் தவறாது இடம்பெறும். ஒன்று, முன்னாள் வீரர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துதலும், மறைந்தோர் பெயரால் கிண்ணம் வைத்து ஆடுதலும். மற்றையது ஊர்ப்பணி: மாணவர்க்குக் கொப்பி வழங்குதல், இரத்ததானம், கிணறும் ஒழுங்கையும் துப்புரவு செய்தல் முதலியன. இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சி நிரலில் ஏன் இணைந்து நிற்கின்றன என்ற வினாவைக் காங்கேசன்துறையையும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கையும் முன்வைத்து இங்கு ஆராய முற்படுகின்றோம்.

காங்கேசன்துறையை வெறும் துறைமுகக் கிராமமாகக் கருதுதல் பொருந்தாது. 1905ஆம் ஆண்டு கொழும்புடன் இணைந்த வடபகுதிப் புகையிரதப் பாதையின் முடிவிடம் அது. 1950இல் அங்கு சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அயலிலுள்ள சுண்ணாம்புக்கல்லே அதன் மூலப்பொருள். புகையிலையும் வெங்காயமும் பயிரிட்ட சிறு விவசாயிகளும், மயிலிட்டி போன்ற கரையோர ஊர்களின் கடற்றொழிலாளரும் வாழ்ந்த ஒரு பிரதேசத்திலே, மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டு ஊதியம் பெறும் தொழிலாளர் கூட்டமொன்று இவ்வாறு தோன்றிற்று. பெருங்கைத்தொழில் அரிதாகவே காணப்பட்ட குடாநாட்டில் இது குறிப்பிடத்தக்க மாற்றமாகும். வேலை நேரமென்றும் ஓய்வு நேரமென்றும் நாள் பிளவுபடும்போதே நாம் இன்று அறிகின்ற விளையாட்டுக்குச் சமூக இடம் உண்டாகின்றது. கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் பருவத்தோடு வந்து பருவத்தோடு போயின. உதைபந்தாட்டம் அட்டவணையையும் நடுவரையும் கழகச் செயலாளரையும் வேண்டி நின்றது.

உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் நமக்கு மிஷன் பாடசாலைகளின் வழியாகவே வந்தன. அமெரிக்க மிஷனரிமார் 1816இலேயே தெல்லிப்பழையில் நிலைகொண்டிருந்தனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904 முதலாக எண்ணப்படுகின்றது. கல்லூரி மைதானத்திலிருந்து இவ்வாட்டங்கள் ஊருக்குள் இறங்கியபோதுதான் அவற்றின் சமூகப் பண்பு மாறியது. இளவாலை யங்ஹென்றீசியன்ஸ் கழகம் தன் பெயரிலேயே புனித ஹென்றியரசர் கல்லூரியைத் தாங்கி நிற்கின்றது. பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ் என்பன கத்தோலிக்கக் கடலோர ஊர்களின் கழகங்கள். அவை கோயிலின் பெயரையே சூடிக்கொண்டன. கழகப் பெயர்களை மாத்திரம் நிரல்படுத்தி நோக்கினாலே கல்லூரி, கோயில், சனசமூக நிலையம் என்ற மூன்று நிறுவனங்களின் செல்வாக்கு எவ்வெவ்வூரில் எவ்வளவு என்பது புலனாகும்.

பெயர் ஒரு வேலியுமாகும். யாழ்ப்பாணத்தின் ஊர் என்பது பல சந்தர்ப்பங்களில் ஒரு சாதியின் குறிச்சியே. ஆதலின் 'ஊர்க் கழகம்' என்ற தொடர் யாரைச் சேர்த்தது, யாரை விலக்கியது என்று கேட்காமல் அதனைச் சமத்துவத்தின் சின்னமாகப் புகழ்வது அறியாமையாகும். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் காங்கேசன்துறைக்கு மிக அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. அயலூரான அளவெட்டியின் கவிஞர் மஹாகவி, மனிதன் சந்திரனை எட்டிய காலத்தில் தேர்வடத்தைத் தொட வந்தவன் தாக்கப்படுவதைத் 'தேரும் திங்களும்' என்ற கவிதையிற் பொருளாக்கினார். தேர்வடத்தைத் தொட அனுமதியாத சமூகம் பந்தைத் தொட எவ்வளவு தூரம் அனுமதித்தது? அணியில் ஓர் இடம் வெற்றியின் பொருட்டுக் கிடைத்திருக்கலாம். ஆட்டம் முடிந்த பின் எந்த வீட்டு விறாந்தையில் இருக்க இடம் கிடைத்தது, எந்தக் கோப்பையில் தேநீர் கிடைத்தது என்பனவே உண்மையான கேள்விகள். கௌரவிப்பு மேடையில் வாசிக்கப்படும் பெயர்ப்பட்டியலையும் இக்கேள்விகளோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

இனி, கௌரவிப்பு என்ற செயலின் இயல்பை நோக்குவோம். நமது இலக்கிய மரபு இதற்குப் பொருத்தமான இரு சொற்களைத் தந்துள்ளது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போராடுவது கரந்தை. அப்போரில் வீழ்ந்தவனுக்கு ஊரார் கல் நட்டனர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று அச்சடங்கின் படிகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறும். தொல்காப்பியர் இதனை வெட்சியுள் அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித் திணையாகக் கொண்டது. பாடாண் இதனின் வேறானது. அங்கே பாடப்படுவோன் உயிரோடிருக்கும் புரவலன். அவன் கொடுப்பான், புலவன் புகழ்வான். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வு நூலில் இக்கவிதைகளை அவை தோன்றிய சமூகச் சூழலில் வைத்து விளக்கினார். அவ்வாய்வுநெறியைப் பின்பற்றி நாம் ஒரு வேறுபாட்டைச் சுட்டலாம். கரந்தையில் வீரன் ஊருக்காகத் தன் உடலை முதலிற் கொடுக்கின்றான். புகழ் பின்னர் வருகின்றது. அதனைத் தருவது ஊர். பாடாணில் கொடுக்கப்படுவது பொருள். புகழ் அதற்கு ஈடாகின்றது.

1990க்கு முந்திய ஊர்க் கழகம் பெரும்பாலும் கரந்தையின் பாற்பட்டது என்பது எமது துணிபு. அக்காலத்தில் ஊர்ப்பணி என்றால் உழைப்பே. மாரிக்கு முன் வாய்க்கால் வெட்டியோரும், ஒழுங்கைக்குக் கல்லும் மண்ணும் இட்டோரும், சனசமூக நிலையத்துக்குக் கூரை வேய்ந்தோரும் மாலையில் பந்து உதைத்த அதே இளைஞர்களே. சிரமதானம் என்ற சொல்லின் பொருளும் உழைப்பைக் கொடுத்தல்தானே. விளையாடும் உடலும் வேலை செய்யும் உடலும் ஒன்றாகவே இருந்தன. எனவே முன்னாள் வீரரைக் கௌரவிப்பதும் ஊர்ப்பணியை நினைவுகூர்வதும் இரு வேறு செயல்களாகத் தோன்றவில்லை. அரசு செய்யத் தவறியதை ஊர் தன் தோளிற் சுமந்தது என்பதும் இதனுள் அடங்கும். தொண்டு என்று போற்றும்போதே, அது யார் விட்ட பொறுப்பு என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்வட்டாரம் உலகுக்குத் தந்த மெய்வல்லுநர் ஒருவரை இங்கு குறிப்பிடாமற் போதல் தவறாகும். இளவாலைக்கு அண்மையிலுள்ள பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ். மத்திய கல்லூரியின் மாணவர். உயரம் பாய்தல் வீரர். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தார். 1962இல் ஜக்கார்த்தாவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2024இல் அவர் காலமானபோது அவரது பாய்ச்சலைப் பற்றியே பலரும் பேசினர். மேற்கு ஆபிரிக்காவில் அவர் ஆற்றிய கல்விப்பணியும், முதுமையில் வடக்கு கிழக்கின் கல்விக்காகவும் விளையாட்டுக்காகவும் செலவிட்ட ஆண்டுகளும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டன. பதக்கம் ஒரு கணத்தின் சாதனை. நீண்டகால உழைப்புக்குப் புகைப்படம் இல்லை.

அவர் பிறந்த 1934ஆம் ஆண்டிலேயே புவேர்ட்டோ றிக்கோவில் பிறந்த கறுப்பின விளையாட்டு வீரர் ஒருவரின் கதை இங்கு ஒப்புநோக்கத் தக்கது. நமது எல்லேக்கு நெருங்கிய உறவுடைய பேஸ்போல் விளையாட்டிலே புகழ்பெற்ற ரொபர்ட்டோ கிளெமென்டேயே அவர். கரும்புத் தோட்டச் சூழலில் வளர்ந்து, ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பைரேற்ஸ் அணிக்கு ஆடியவர். 1972 டிசெம்பர் 23ஆம் திகதி நிக்கரகுவாவின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தால் அழிந்தது. அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்களைச் சேராமல் சொமோசா ஆட்சியாளரின் கைகளிற் சிக்குகின்றன என்ற செய்தி வந்தது. கிளெமென்டே தாமே பொருள்களோடு விமானமேறினார். டிசெம்பர் 31ஆம் திகதி இரவு அவ்விமானம் கடலில் வீழ்ந்தது. மறுஆண்டே அணி அவரது 21ஆம் இலக்கச் சட்டையை வேறெவருக்கும் வழங்குவதில்லை என ஒதுக்கிவைத்தது. சமூகப்பணி செய்யும் வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதும் அவரது பெயரைப் பெற்றது. ஆட்சியாளரின் ஊழலை ஐயுற்றுப் புறப்பட்டவரின் பெயர், பெருமுதலாளிகளுக்கு உடைமையான அணிகளின் அறப்பணிக்கு முத்திரையாயிற்று. அந்த 21ஆம் இலக்கச் சட்டையை நாம் ஒரு நடுகல்லாகவே காண்கின்றோம். விருது வழங்கும் விழாவோ பாடாணை நோக்கி நகர்ந்துவிட்டது.

காங்கேசன்துறையில் இந்நகர்வு போரின் வழியாக நிகழ்ந்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களின் நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, புகையிரதமும் நின்றது. சிலர் உறவினர் வளவுகளில் ஒதுங்கினர். சிலர் மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முதலான நலன்புரி நிலையங்களிற் கால் நூற்றாண்டளவும் வாழ்ந்தனர். மைதானம் இல்லாத கழகத்துக்குப் பெயரே எஞ்சியது. அப்பெயரோடு வேற்றூர் மைதானங்களில் இறங்கி ஆடியமை, எமது ஊர் இன்னும் உண்டு என்ற உரிமைப் பிரகடனமாயிற்று. உறுதிப் பத்திரம் தொலைத்தவனுக்குக் கழகத்தின் பழைய குழுப் புகைப்படம் ஒரு சான்றாகும்: யார் நின்றனர், எந்த மரத்தடியில் நின்றனர் என்பதை அது காட்டும். மறைந்த வீரர்களின் நினைவுக் கிண்ணம் இக்காலத்தில் பெற்ற அழுத்தத்தைப் பழம்பெருமை பேசும் நோயென்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

நிலம் துண்டு துண்டாகவே திரும்பியது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. 2016இல் நடேஸ்வராக் கல்லூரி விடுவிக்கப்பட்டது. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் கடற்றொழிலாளரிடம் வந்தது. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உள. திரும்பிய இடங்களில் மதில் இடிந்து, பற்றை மண்டிக் கிடந்த மைதானத்தை வெட்டித் திருத்த இளைஞர் தொகை போதவில்லை. அவர்களிற் பெரும்பகுதியினர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கின்றனர். எனவே உழைப்புக்குப் பதிலாகப் பணம் வந்தது.

இதனை நாம் இழிவுபடுத்தவில்லை. அப்பணமும் தொழிற்சாலையிலும் உணவகத்தின் பின்கட்டிலும் இரவுப்பணி செய்த உழைப்பின் வடிவமே. ஆயினும் அதன் விளைவு ஒன்று உண்டு. சிரமதானத்திற் பெயர் தனித்துத் தெரிவதில்லை. மண்வெட்டி பிடித்தோர் எல்லோரும் ஒருபடித்தானவர்களே. பணத்தில் தொகை தெரியும். தொகையோடு பெயரும் தெரியும். கிண்ணம் இப்பொழுது பந்தாடியவரின் பெயரைத் தாங்குவதிலும் பார்க்க அனுசரணையாளரின் தாய் தந்தையரின் பெயரையே தாங்கக் காண்கின்றோம். பொன்னாடை முதலில் அனுசரணையாளருக்கு. கொப்பி பெறும் பிள்ளை கொடுப்பவரோடு நின்று புகைப்படத்துக்கு முகங்காட்ட வேண்டியிருக்கின்றது. வாய்க்கால் வெட்டியபோது எவரும் எவருக்கும் நன்றி சொல்லியிருக்கவில்லை.

கழகங்கள் வெளியிடும் சிறப்பு மலர்களை இலக்கிய மாணவர் இதற்காகவேனும் புரட்டிப் பார்த்தல் நன்று. அமைச்சரும் அதிபரும் பிரதேச செயலாளரும் வழங்கும் வாழ்த்துச் செய்திகள் முதற் பக்கங்களை நிறைத்துவிடும். அவை ஏறத்தாழ ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவைபோல் இருப்பதும் கவனிக்கத் தக்கது. அணியின் வரலாறு நடுவில் ஓரிரு பக்கங்களுக்குள் ஒடுங்கிவிடும். கோல் அடித்தவர் நினைவிருக்கின்றார். பந்து வாங்கப் பனையோலைப் பெட்டியோடு வீடுவீடாகச் சில்லறை சேர்த்தவர், எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டவர், வெற்றி பெற்ற அணிக்குச் சமைத்துப் போட்ட பெண்கள் ஆகியோர் அப்பக்கங்களில் இல்லை. பெண்களின் இன்மை இவற்றுள் மிகவும் பாரதூரமானது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவியர் அண்மைய ஆண்டுகளில் உதைபந்தாட்டத்தில் தேசிய மட்டப் பட்டங்களை வென்றுள்ளனர். பத்து இருபது ஆண்டுகளின் பின் இவ்வூர்க் கழகங்கள் கௌரவிக்க வேண்டிய 'முன்னாள் வீரர்' அவர்களே. திருமணத்தோடு ஊர் மாறிச் செல்லும் அவர்களை எந்த ஊர்க் கழகம் தன் வீரராக உரிமை கோரும் என்பது, ஆண்வழிப்பட்ட ஊர் என்ற கருத்தையே சோதிக்கும் வினாவாகும்.

செய்ய வேண்டிய வேலைகள் எளியவை, ஆனால் அவசரமானவை. 1950களிலும் 60களிலும் ஆடியோருள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். குழுப் புகைப்படங்களிலுள்ள ஒவ்வொரு முகத்துக்கும் பெயரும் தொழிலும் குறிச்சியும் அவர்கள் வாய்வழி கேட்டு எழுதப்படல் வேண்டும். சீமெந்துத் தொழிற்சாலையில் அவர் எந்தப் பகுதியில் வேலை செய்தார், எந்த வள்ளத்திற் கடலுக்குப் போனார் என்பனவும் அக்குறிப்பில் இடம்பெறல் வேண்டும். கழகங்களின் கூட்டறிக்கைப் புத்தகங்களில் இடப்பெயர்வின்போது காவிச் செல்லப்பட்டவை எவை, யார் வீட்டிலுள்ளன என்பதை ஊர் ஊராக விசாரித்து, அவற்றின் பிரதிகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திற் சேர்க்கும் பணியைத் தமிழ்ச் சங்க மாணவர் இவ்விடுமுறையிலேயே தொடங்கலாம்.