மலைப்பாதை வண்டிகள் – 9
டீசல் பில்டரும் ஏர் எடுப்பதும்

கினிகத்தேனை தாண்டி வட்டவளை ஏற்றத்தில் டீசல் வேன் ஒன்று திணறினால், ஓட்டுநர் முதலில் பக்கக் கண்ணாடியில் புகையைப் பார்க்க வேண்டும். கறுப்பாகக் கக்கினால் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை. போன வாரம் எழுதிய ஏர் பில்டரைப் பாருங்கள். புகையே இல்லாமல் பலம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தால் டீசல் போதவில்லை. சமதரையில் ஒழுங்காக ஓடும், மூன்றாம் கியரில் ஏறும்போது சோர்ந்துவிடும், ஓரமாகக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி சிறிது தூரம் இழுக்கும் என்றால், பெரும்பாலும் டீசல் பில்டர்தான் அடைத்திருக்கிறது.

டோல்பின், டவுன்ஏஸ் போன்ற பழைய ஜப்பான் வேன்களில் இன்ஜினோடு இருக்கும் பம்ப்தான் டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்ச உறிஞ்ச டீசலைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவது வெளிக்காற்றின் அழுத்தம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; கொழும்பில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே. அதனால் கொழும்பில் எப்படியோ சமாளித்து ஓடும் பாதி அடைத்த பில்டர், இறம்பொடை வளைவுகளில் காட்டிக்கொடுத்துவிடும்.

பில்டருக்குள் மடிப்பு மடிப்பாக இருப்பது காகிதம். நம் தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் துகளையும் அது பிடித்து நிறுத்த வேண்டும். இந்த வகைப் பம்ப்புக்கு உள்ளே தனியாக ஒயில் கிடையாது, ஓடும் டீசலே அதற்கு வழுக்கும். துகளும் தண்ணீரும் பம்ப்புக்குள் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். அதன் பிறகு வரும் செலவோடு பார்த்தால் பில்டர் விலை ஒரு செலவே அல்ல.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெற்றோல் செட்டில் கலந்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சில வேளை அதுவும் உண்டு. ஆனால் மலையில் தண்ணீரைச் செய்வது பாதி டாங்கியோடு இரவில் நிறுத்தும் பழக்கம். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுகிறது. அதே இடத்தில் பகலில் வெயில் சுடுகிறது. வெறுமையாக இருக்கும் பாதி டாங்கிக்குள் ஈரக்காற்று புகுந்து, இரவுக் குளிரில் தகட்டில் வியர்த்து வடிகிறது. தண்ணீர் டீசலை விடக் கனமானது, அடியில் தங்கிவிடும். மாலையில் டாங்கியை நிரப்பிவிட்டு நிறுத்துவதுதான் இதற்கு மருந்து. தினக்கூலி போல ஹயருக்கு ஓடுகிறவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் பனிக்காலத்திலாவது முடிந்தவரை செய்யுங்கள்.

2022 இந்த வண்டிகளுக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு கியூஆர் கோட்டில் வாராந்த அளவு. கிடைத்ததைக் கேனிலும் பரலிலும் சேர்த்து வைத்தார்கள். டாங்கியை அடிவரை வறட்டி ஓட்டினார்கள். அடியில் வருடக்கணக்காகப் படிந்திருந்த துருவும் சேறும் அப்போதுதான் குழாயில் ஏறின. அந்த ஓகஸ்ட்டில் டீசல் லீற்றர் 430 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. இப்படி ஒரு இடைவெளி இருந்தால் கலப்பதற்கு ஆசை வராமல் இருக்குமா? மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுக்கல் கிடையாது, பம்ப்தான் தேயும். அந்த மாதம் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் 340 ரூபாவானது. அடி விழுந்தது அதை நம்பி அடுப்பும் விளக்கும் வைத்திருந்த லயத்துக் குடும்பங்களுக்கு.

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் இருக்கிற வண்டியை இன்னும் நாலு வருடம் காப்பாற்றுவதே புத்தி. கையேட்டில் 20,000 கிலோமீற்றர், 40,000 கிலோமீற்றர் என்று எழுதியிருக்கும். தோட்டப் பாதையில் ஓடும் வண்டிக்கு 10,000 கிலோமீற்றருக்கு ஒரு பில்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இனி மாற்றும் விதம். ஹட்டனில் ஒரு கராஜில் பாஸ் ஒருவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்ஜின் ஆறியதும், பில்டருக்குக் கீழே ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்து அடியில் இருக்கும் வடிகுழாய்த் திருகைத் தளர்த்தினார். போத்தலில் மேலே பிளேன்டி நிறத்தில் டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், இரண்டும் சேரும் இடத்தில் கறுத்த வழுவழுப்பான படலம். தண்ணீரும் டீசலும் தொடும் எல்லையில் வளரும் பூஞ்சணம் அது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும், பல ஓட்டுநர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த விளக்கு சொல்வது இந்தத் தண்ணீரைத்தான்.

சென்சர் வயரைக் கழற்றி, பட்டி ஸ்பெனரால் பழைய பில்டரைச் சுழற்றி எடுத்தார். பழைய ரப்பர் வளையம் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இதை விட்டுவிட்டால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்து, அந்த இடுக்கால் காற்று புகும். சென்சரைப் புது வளையத்தோடு புது பில்டரில் பூட்டினார். புது பில்டரின் வளையத்தில் கொஞ்சம் டீசல் தடவி, கையால் சுழற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. அதற்கு ஸ்பெனர் போடவே இல்லை.

வண்டிக்காரப் பொடியன் சாவியைப் பிடித்தபோது பாஸ் தலையைத் தூக்காமலே சொன்னார்: “செல்ப் அடிக்காதீங்க தம்பி, இன்னும் கெட்டியாகல.”

பில்டரின் தலையில் இருக்கும் கைப் பம்ப்பைத்தான் சொன்னார். முதலில் அமுக்கும்போது அது வெறுமையாக உள்ளே போகிறது. டீசல் ஏற ஏற எதிர்த்துத் தள்ளுகிறது. கெட்டியாகி அமுங்க மறுத்ததும் ஏர் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் செல்ப். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கக் கூடாது. ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் கொஞ்சம் விட்டு, மறுபடி பம்ப்பை அமுக்க வேண்டும். ஏர் எடுக்காமல் செல்ப் அடித்து அடித்தே பற்றரியை இறக்கிவிட்டு நிற்கும் வண்டிகள் எத்தனை!

பழைய லொறிகளிலும் பஸ்களிலும் பில்டர் தலையில் ஏர் திருகு தனியாக இருக்கும். அதைச் சற்றுத் தளர்த்திவிட்டு அமுக்கினால் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது, அமுக்கிக்கொண்டே திருகை முறுக்கிவிட வேண்டும். அப்படியும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள்.

அந்தக் கடைசி வேலையைப் புது கொமன் ரெயில் வண்டிகளில் ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தக் குழாய்களில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். ஊசி முனையளவு பீறினாலும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. புது பில்டருக்குள் முன்கூட்டியே டீசல் ஊற்றிப் பூட்டுவதும் இவற்றுக்கு ஆகாது. ஊற்றுகிற டீசல் வடிகட்டாமலே பம்ப்புக்குப் போய்விடும். கைப் பம்ப் இருந்தால் அமுக்குங்கள். டாங்கிக்குள் மின்பம்ப் உள்ள வண்டி என்றால், செல்ப் அடிக்காமல் சாவியை மட்டும் போட்டுப் போட்டு நிறுத்தினாலே டீசல் ஏறிவிடும்.

பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் மேல் டிவிசன்களிலிருந்து இரவில் நோயாளியை இறக்கிவருவது இன்னமும் பல வேளைகளில் தோட்டத்து லொறியோ பக்கத்து வீட்டு வேனோதான். பிரசவ வலியோடு ஒருத்தி பின்னால் படுத்திருக்கும்போது வண்டி நின்றுபோனால் கராஜைத் தேட முடியாது. பாடசாலை வேன் ஓட்டுகிறவர்கள், தோட்ட லொறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த வேலையைக் கையோடு கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்பது இதனால்தான். சீற்றுக்குக் கீழே ஒரு புது பில்டர், பட்டி ஸ்பெனர், டோர்ச், ஒரு போத்தல் இருக்கட்டும்.

வடித்த டீசலைக் கானில் ஊற்றாதீர்கள். டிக்கோயாப் பக்கத்துக் கான்கள் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன. அங்கிருந்து களனி ஆறு. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரை. மூடியுள்ள கேனில் சேர்த்து கராஜில் கொடுத்தால், தெளியவைத்துச் சாமான் கழுவ எடுத்துக்கொள்வார்கள்.

(அடுத்த வாரம்: இறக்கத்தில் பிரேக் சூடாவது)