தோட்டக்கால் நிலத்தில் நீர்ப் பங்கீடு

கோயமுத்தூர் ஜில்லாவின் தோட்டக்கால் நிலங்களில் வாய்மடைப் பயிர் செழித்திருக்கக் கடைமடைப் பயிர் வாடுவதைக் கோடைதோறும் காணலாம். இதற்குக் கிணற்றையே குறைகூறி, கடன்பட்டு அதனை ஆழப்படுத்துவோர் பலர். அச்செலவில் இறங்குமுன், இருக்கும் ஜலம் எவ்வளவு, அது எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கணக்கிடுதல் அவசியமாகும்.

முதலாவது, நீரை அளத்தல். 200 லிட்டர் கொள்ளும் பீப்பாயைப் பம்பின் வாயில் வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தால் குறிக்க வேண்டும். கிணற்று மட்டம் இறங்க இறங்க நீர் குறையுமாதலால், இறைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து சராசரி காண்க. 20 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 36,000 லிட்டராகும். கோடையில் கிணறு தினம் 4 மணி நேரமே இறைப்புக்குத் தாங்குமாயின், நாளொன்றுக்குக் கிடைப்பது 1,44,000 லிட்டர்.

இரண்டாவது, பரப்பை நிர்ணயித்தல். ஓர் ஏக்கருக்கு 2 அங்குல உயரம் பாய்ச்சச் சுமார் 2,05,000 லிட்டர் வேண்டும். 7 நாட்களுக்கு ஒரு பாய்ச்சல் என்றால், மேற்கண்ட கிணறு ஏறக்குறைய 5 ஏக்கருக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் மண் வாய்க்காலில் நாலில் ஒரு பங்கு ஊறிப்போனால், அது சுமார் 3¾ ஏக்கருக்கே போதும். 5 ஏக்கரிலும் பயிரிட்டவருக்குக் கடைசி 1¼ ஏக்கர் வாடுவது இதனாலேயே.

இந்நஷ்டத்தை அறிவது எளிது. ஒரே மண்ணும் ஒரே அளவும் உள்ள இரு பாத்திகளைக் கிணற்றருகே ஒன்றும் கடைமடையில் ஒன்றுமாகத் தேர்ந்து, நீர் பாத்தியில் நுழைந்தது முதல் நிரம்பும் வரை நேரம் பார்க்கவும். முன்னது 15 நிமிஷத்திலும் பின்னது 20 நிமிஷத்திலும் நிரம்பினால், நாலில் ஒரு பங்கு வழியில் போயிற்று என்பது தெளிவு.

மூன்றாவது, வாய்க்காலின் போக்கு. தலைவாய்க்கால் நிலத்தின் மேட்டுப்பாங்கிலேயே செல்ல வேண்டும். 100 அடிக்குச் சுமார் 2 அங்குலம் சரிவு போதும்; மிகுந்தால் மண் அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும். நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் குழாயைக் கொண்டு மட்டம் பார்க்கலாம். மணற்பாங்கான இடத்தில் முதலில் சிமெண்டு பூசுக, அல்லது குழாய் பதிக்கவும். வாழை, கரும்பு போன்றவற்றைக் கிணற்றருகிலும், சோளம் முதலியவற்றைத் தொலைவிலும் வைத்தல் நலம்.

நாலாவது, கூட்டுக் கிணறு. பங்காளிகள் முறைநேரத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கடைமடைப் பங்காளிக்கு, வழியில் குறையும் நீருக்கு ஈடாக நேரம் கூட்டித் தருவதே நியாயம். வாய்க்கால் பிறர் நிலத்தைக் கடக்குமிடத்தில், சர்வே எண்ணுடன் படம் வரைந்து இருதரத்தாரும் கையொப்பமிடுதல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதற்கு உதவிபுரிந்தால், பிற்காலத்து வழக்குகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

இவ்வளவுகளைக் கோடையிலேயே எடுத்து, அடுத்த விதைப்புக்குமுன் பயிர்ப் பரப்பை நிர்ணயித்துக்கொள்ளுமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.