கியர் பெட்டியை இறக்கும் முன்

ஜேசிபி என்று ஊரெங்கும் அழைக்கப்படும் பேக்ஹோ லோடரில் இன்ஜினின் விசை நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. முதலில் டார்க் கன்வெர்ட்டர், அடுத்து எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் முன்னோக்கு, பின்னோக்கு கிளட்ச்சுகள், அதன்பிறகே பற்சக்கரங்களும் அச்சும். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் கப்பல்களை மனத்தில் வைத்து 1905-இல் காப்புரிமை பெற்ற கன்வெர்ட்டரில், இறக்கைச் சக்கரங்களுக்கிடையே சுழலும் எண்ணெயே விசையைக் கடத்துகிறது. அதனால் 'இழுவை இல்லை' என்ற புகாருக்கு விடை தேடுவதும் எண்ணெயிலிருந்தே தொடங்க வேண்டும்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, கட்டுமாவடியை ஒட்டிய கடலோரத்தில் சாய்ந்த மரங்களை அகற்ற இவ்வகை வண்டிகளும் உதவின. மரத்தைத் தள்ளுவது, பின்வாங்குவது, மறுபடி தள்ளுவது என்ற வேலையில் இரு கிளட்ச்சுகளும் ஓய்வின்றிச் சூடேறும். கண்மாய் தூர்வாருவதும் இதே ரகம்.

முதலில் எண்ணெய் அளவை, தயாரிப்பாளர் சொன்ன சூட்டிலும் நிலையிலும் பார்க்க வேண்டும். கருகிய வாடையும் கருந்துகளும் கிளட்ச் பிளேட் எரிந்ததைக் காட்டும். மஞ்சள் மினுமினுப்பு வந்தால் சின்க்ரோ வளையம் தேய்கிறது. காந்தத்தில் இரும்புச் சில்லுகள் ஒட்டினால் பல்லையோ பேரிங்கையோ சந்தேகிக்கலாம். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான பெட்டி தண்ணீரில் இறங்கிச் சட்டெனக் குளிரும்போது, காற்றுத்துளை வழியே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது பிரஷர் கேஜ். இரு திசையிலும் அழுத்தம் குறைந்தால் பம்ப், அடைபட்ட ஸ்ட்ரெய்னர், அழுத்த வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் குறைந்தால், அந்தக் கிளட்ச்சின் சீல் அல்லது சொலினாய்டு. கடற்காற்றின் உப்பு வயர் இணைப்புகளை அரிக்கும் ஊரில், பெட்டியைக் குறைகூறும் முன் இணைப்பைத் துடைத்து மின்னழுத்தத்தை அளப்பது அறிவு. சில ரூபாய் வேலைக்குப் பெட்டியையே இறக்கிய கதைகள் வருத்தம் தருபவை.

அழுத்தம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் ஸ்டால் சோதனை. வண்டியை அசையவிடாமல் பிரேக்கில் நிறுத்தி, கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து, இன்ஜின் சுற்றைக் கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். சுற்று கூடினால் கிளட்ச் வழுக்குகிறது. குறைந்தால் இன்ஜின் பலவீனம், அல்லது கன்வெர்ட்டரின் ஸ்டேட்டர் ஒருவழிப் பிடிப்பை இழந்திருக்கிறது. எண்ணெய் மிக வேகமாகச் சூடேறும் என்பதால் கையேடு அனுமதிக்கும் விநாடிகளைத் தாண்டக் கூடாது. வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகே பெட்டியைப் பிரிக்கலாம். பிரித்தால் எண்ணெய்க் கூலரையும் குழாய்களையும் கழுவியே தீர வேண்டும். இல்லையேல் அங்கே தங்கிய பழைய துகள்கள் புதிய பிளேட்டுகளைத் தேய்த்துவிடும்.