ஏவலும் வியங்கோளும்

மொழி பலவகைப் பயன் கருதிக் கற்கப்படுகின்றது. இலக்கிய இன்பம் நாடிக் கற்பார் உளர். சமயம் பரப்பக் கற்றார் உளர். வாணிகத்தின் பொருட்டுக் கற்றாரும் உளர். இவற்றின் வேறாக, பிறரிடம் வேலை வாங்குதல் ஒன்றனையே கருதி மொழி கற்றலும் உண்டு. கந்தோரில் அமர்ந்து பணியைப் பகுத்து, இன்னார்க்கு இன்னது என வகுத்து, முடிவிற் கணக்குக் கேட்கும் ஒருவர் தம்கீழ்ப் பணிபுரிவோரின் மொழியை எவ்வளவு கற்றல் வேண்டும்? எவ்வாறு கற்றல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடுவார் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கம்பளையைச் சூழ்ந்த மலைகளே அதற்குரிய சான்றுகளைத் தம்பால் வைத்துள்ளன.

மலைநாட்டிற் பிறந்த தேவை

மகாவலி கங்கைக் கரையில் அமைந்த கம்பளை, 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நான்காம் புவனேகபாகு மன்னன் காலந்தொட்டுத் தலைநகராய் விளங்கிய பழம்பதியாகும். 19ஆம் நூற்றாண்டில் அது பிறிதொரு வகையிற் பெயர் பெற்றது. 1820களில் ஜோர்ஜ் பேட் என்பார் இந்நகரை அடுத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றை அமைத்தார். இலங்கையில் வணிக நோக்குடன் தொடங்கப்பெற்ற முதற் கோப்பித் தோட்டங்களுள் அது ஒன்று. 1869இல் தோன்றிய இலைநோய் நாளடைவிற் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டி மலைப்புறத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1874இல் புகையிரதப் பாதை கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டியை எய்தியது.

இத்தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பாளர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தனர். ஆங்கு ஒரு சிக்கல் எழுந்தது. தோட்டத்தை நடத்திய துரை ஆங்கிலம் பேசுபவர். தோட்டத்தில் உழைத்தோர் தமிழ் பேசுவோர். இருவர்க்கும் இடையே நின்றவர் கங்காணி. ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் அவர். அவர்களுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். வேலையை மேற்பார்த்தவரும் அவரே. துரை கூறியது இதுவெனத் தொழிலாளர்க்கும், தொழிலாளர் கூறியது இதுவெனத் துரைக்கும் உரைக்கும் பொறுப்பும் அவரிடமே சேர்ந்தது. கடன் கொடுத்தவரே மொழிபெயர்ப்பாளருமாயிருந்தால், கடன்பட்டவரின் முறையீடு மேலிடத்தை எவ்வாறு எட்டும்? மொழியறியாத துரையோ தமது தோட்டத்துக்கே அந்நியராய் இருந்தார். தமிழ் கற்றல் சின்னத் துரையின் தொழிற்பயிற்சியில் ஒரு கூறானமைக்கு இதுவே காரணம்.

பெரட்டுக்களத்துப் பணிப்பகிர்வு

ஒரு பணியை ஒப்படைத்தலில் ஐந்து கூறுகள் அடங்கும். செய்யற்பாலது யாது, செய்வார் யார், செய்யும் இடம் எது, அளவும் காலமும் எவை, முடிந்தபின் கணக்கைப் பெறுவார் யார் என்பன அவை. இவற்றுள் ஒன்று குறையினும் பணி குழம்பும்.

தோட்டத்துப் பெரட்டுக்களம் இவ்வைந்தும் ஒருங்கே நிகழ்ந்த இடமாகும். ஆங்கிலத்திற் படையணி வகுப்பைக் குறிக்கும் பரேட் என்னும் சொல்லே தொழிலாளர் நாவிற் பெரட்டு ஆயிற்று. விடியற்பொழுதில் தப்பு முழங்க, லயங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் அக்களத்திற் கூடுவர். கொழுந்து பறிப்போர் ஒரு மலைக்கும், கவ்வாத்து வெட்டுவோர் பிறிதொரு மலைக்கும், கான் வெட்டுவோர், முள்ளுக் குத்துவோர் வேறு மலைகளுக்குமாகப் பிரித்து அனுப்பப்படுவர். இங்கு மலை என்பது தேயிலை நட்ட நிலப்பகுதியைக் குறிக்கும். ஒரு நாள் வேலை முழுமையாகப் பதியப்பெறின் அது பேர், குறைந்தால் அரைப்பேர். அளவு குறித்துப் பேசி விடப்படும் வேலை கொந்தரப்பு. அனைத்தும் மாலையிற் செக்றோல் என்னும் பதிவேட்டில் ஏறும். துரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், கணக்கப்பிள்ளையிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளர்க்கும் ஆணை இறங்கும். கணக்கு அவ்வழியே மேலேறும்.

இச்சொற்களிற் சில தமிழிலிருந்து ஆங்கிலம் புகுந்தன. சில ஆங்கிலத்திலிருந்து தமிழ் புகுந்தன. துண்டு என்பது தொழிலாளியின் கடன்தொகையைக் குறித்து, அதனைத் தீர்ப்பார் அவரை அழைத்துச் செல்லலாம் எனத் தெரிவித்த சீட்டு. 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்படும்வரை, அத்தமிழ்ச்சொல் ஆங்கிலக் கந்தோர்க் கடிதங்களில் அவ்வாறே வழங்கியது. இவ்வாறு தோட்டக் கந்தோருக்கென ஒரு கலப்பு மொழியே உருவாயிற்று.

கையேடு கற்பித்ததும் கற்பியாததும்

சின்னத் துரைமார் சட்டைப்பையில் வைத்துக் கற்றற்கென ஏ. எம். பேர்கசன் தொகுத்த சிறு கையேடொன்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொழும்பில் வெளிவந்தது. அதன் பெயர் ‘இங்கே வா’ என்பது. பெயரே ரோம எழுத்திற் பொறிக்கப்பெற்ற தமிழ்த் தொடர். பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய ‘கூலித் தமிழ்’ என்னும் நூலும் அவ்வழியில் தோன்றியது.

இத்தகைய நூல்களில் ஒரு நன்மை உண்டு. ஏட்டுத் தமிழை விடுத்து, மலைகளில் உழைத்தோரின் வாய்மொழியையே அவை கற்பித்தன. பேச்சுமொழிக்குத் தனியிலக்கணம் வேண்டும் என்னும் கருத்துப் புதியதன்று. இத்தாலி நாட்டவராகிய வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஆயினும் வீரமாமுனிவர் அம்மட்டில் அமையாது செந்தமிழுக்கும் இலக்கணம் செய்து, அகராதியும் தொகுத்தார். தோட்டக் கையேடுகளின் எல்லையோ வேலை வாங்குதலோடு நின்றது.

அதனால் விளைந்த குறைகள் இரண்டு. முதலாவது, ஒருமை ஏவலே அவற்றில் மேலோங்கி நின்றமை. வா, போ, வெட்டு, கொண்டு வா என்பன இளைஞனுக்கும் முதியவருக்கும் ஒன்றுபோலவே கூறப்பட்டன. லயத்தில் அம்மூதாட்டியை அப்பாயி என்றும், அம்முதியவரை மாமா என்றும் முறைவைத்து, வாங்க என்று அழைப்பதே அம்மக்களின் வழக்கம். மரியாதைச் சொல் அவர்தம் பேச்சில் நிறைந்திருக்கவும், அவர்தம் மொழியைக் கற்க வந்தவர்க்கு அது போதிக்கப்படாது போயிற்று.

இரண்டாவது குறை இதனினும் கொடியது. ஆணையிடக் கற்றவர் விடையைக் கேட்கக் கற்றிலர். கொழுந்து குறைந்த ஒரு நாளில், ஏன் குறைந்தது என வினவும் தொடர் துரைக்குத் தெரியும். மழையில்லை, இம்மலை கவ்வாத்து வெட்டி நெடுநாளாயிற்று, சரிவில் ஏறியிறங்கப் பொழுது போயிற்று எனப் பெண்ணொருத்தி கூறும் நீண்ட மறுமொழி அவருக்கு விளங்காது. விளங்காதவிடத்துச் சோம்பலே காரணம் எனக் கொள்ளுதல் எளிது. அந்நாட்பேர் அரைப்பேராகும். ஒருவர் கற்காது விட்ட இலக்கணத்தின் விலையை மற்றொருவர் தம் கூலியிற் செலுத்துவதாக அது முடியும்.

தமிழிலக்கணமும் இத்தாலிய வழக்கும்

வேலை விடுக்கும் வினையைத் தமிழிலக்கணம் இருவகையாகப் பிரித்துள்ளது. முன்னிற்பானை நோக்கிச் செய் என்பது ஏவல். செய்க என்பது வியங்கோள். ஏவல் முன்னிலைக்கே உரியது. ஒருமை பன்மை வேறுபாடும் அதற்கு உண்டு. வியங்கோளோ வேண்டல், வாழ்த்தல் முதலிய பொருள்களையும் தழுவி நிற்கும். தொல்காப்பியர் அதனைப் பெரும்பான்மையும் படர்க்கைக்கு உரியதாகக் கொண்டார். பிற்காலத்து நன்னூலார் இடமும் பாலும் வரையறாது எங்கும் வரும் எனக் கொண்டார். படர்க்கைக்கு உரியதாயிருந்த வடிவம் முன்னிலையை மதித்துரைக்கவும் பயன்பட்டமை இதனாற் புலனாகும்.

இத்தாலிய மொழியிலும் இதனையொத்த வழக்குக் காணப்படுவது வியக்கத்தக்கது. நண்பனையும் இளையோனையும் தூ எனச் சுட்டி, வியேனி, அஃதாவது வா, என்பர். மதிப்புக்குரியாரை லெய் எனச் சுட்டி, வெங்கா என்பர். லெய் என்பதன் நேர்ப்பொருள் அவள் என்பதே. மேன்மை எனப் பொருள்படும் பெண்பாற் பெயரால் உயர்ந்தோரைக் குறித்த பழைய வழக்கிலிருந்து அது பிறந்தது. வெங்கா என்பதும் ஏவல் வினையன்று. விருப்பத்தை உணர்த்தும் படர்க்கை வினை. தமிழில் வருக என்பதன் நிலையே அதன் நிலையும். இனி, பொத்ரெப்பே எனத் தொடங்கி, இதனைச் செய்ய இயலுமா என வினாவாகப் பணியை விடுத்தலும் இத்தாலியக் கந்தோர்களிற் பெருவழக்கு. லெய் வழக்கிலிருந்து தூ வழக்குக்கு மாறுதலும் இருவர் இசைவோடு நிகழ்வது. பெரும்பாலும் மூத்தவரே அதனை முன்மொழிவார்.

இச்சிறு சொல் அரசியலுக்கும் உள்ளானது. 1938இல் முசோலினியின் ஆட்சி லெய் வழக்கைக் கைவிட்டு, பன்மைச் சொல்லாகிய வோய் என்பதையே வழங்குமாறு பணித்தது. அவ்வாட்சி வீழ்ந்தபின் லெய் மீண்டும் நிலைபெற்றது. ஒருவர் மற்றொருவரை மதித்து அழைக்கும் முறை மேலிடத்து ஆணையால் எளிதில் மாறுவதன்று என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இத்தாலிய மொழி இலங்கையர்க்கு இன்று வெறும் ஏட்டுச் செய்தியுமன்று. ஒரு லட்சம் அளவினரான இலங்கையர் இத்தாலியில் வாழ்கின்றனர். சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் தமிழர் சமூகமொன்றும் உண்டு. வீட்டுப்பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டோர் அவர்களுட் பலர். வியேனி, வெங்கா என்னும் இரண்டனுள் தம்மை நோக்கி எது கூறப்படுகின்றது என்பதை அவர்கள் செவி நன்கு அறியும்.

ஒப்படைத்தலின் இலக்கணம்

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. வெள்ளைத் துரைமார் காலம் முடிந்தது. ஆயினும் வினா முடியவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் அரச சேவையிற் சேர்வோர் 5 ஆண்டுகளுள் மற்றை மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் எனப் பொது நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் கம்பளை போன்ற ஊரில், இவ்விதியின் பயன் சான்றிதழளவில் நின்றுவிடலாகாது. படிவத்தைக் கொண்டு வா, நாளை வா என்னும் அளவுக்கு மொழி கற்ற உத்தியோகத்தர், ‘இங்கே வா’ என்னும் பழைய கையேட்டையே வேறெழுத்திற் கற்றவராவர்.

திருக்குறளின் தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரம், தக்காரைத் தேர்ந்து வினையை அவரிடம் விடுதலைப் பற்றியது. விடுதல் என்பது ஆழ்ந்த சொல். ஏவுதலில் செயல் ஏவுவோனுடையதாகவே இருக்கும். விடுதலில் அது செய்வோனுடையதாகும். விட்டபின் அவன் கூறுவதைக் கேட்டல் வேண்டும்; இடர்ப்பாடு இதுவெனில் நம்புதல் வேண்டும். ஆதலின், பணி பகிர்தற்பொருட்டுப் பிறமொழி கற்பார் முதற்கண் மூன்றனைக் கற்றல் நன்று. அம்மொழியினர் ஒருவரையொருவர் மதித்து விளிக்கும் முறை ஒன்று. வேண்டுகோளாகப் பணியை விடுக்கும் தொடர் ஒன்று. இயலாது என்பதையும் அதற்குரிய காரணத்தையும் அவர்கள் உரைக்கும் வகை ஒன்று. வேலைகளின் பெயரும் கருவிகளின் பெயரும் பெரட்டுக்களத்தில் ஒரு திங்கள் நின்றாலே தாமாக வந்துசேரும். இம்மூன்றும் தாமாக வருவனவல்ல. கற்க வேண்டும் என்று கருதினார்க்கே வருவன.