குட்டி யானை, ரெண்டு நாய், நானூறு ஆடு

தை அறுப்பு முடிந்து காடு காலியானதும் திண்டுக்கல் சமவெளிக்குள் கிடைக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். முன்னே ஆட்டு மந்தை, ஓரத்தில் ரெண்டு நாய், பின்னால் ஒரு 'குட்டி யானை' வண்டி. அதற்குள் வலை, கம்பு, தார்ப்பாய், அரிசி மூட்டை, அடுப்பு, அன்றைக்குப் பிறந்த குட்டிகள். ஆறு மாதக் குடித்தனமே அந்த வண்டிக்குள்தான். பேகம்பூரைச் சுற்றி இருக்கிற எங்களுக்கு ஆடு என்றால் தோலும் பிரியாணியும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். உழவனுக்கு அது உரம் சுமந்து வரும் விருந்தாளி.

ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா மகன் போன வருடம் கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வளர்ப்பு நாயையும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினின் உள்நாட்டுப் பகுதியைச் சுற்றி வந்தான். கடற்கரைப் பக்கம் போகவில்லை. "நம்ம வேடசந்தூர் மாதிரியே காய்ஞ்ச மேட்டுக்காடு மாமா. ரோட்டோரமா ஆட்டுக்குன்னு தனிப் பாதை, அதுக்குப் போர்டும் வெச்சிருக்காங்க" என்று போனில் சொன்னான். அதற்குப் பிறகுதான் அந்தப் பாதைகளைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அங்கே அதற்குப் பெயர் 'கன்யாதா ரியல்', அதாவது அரச மந்தைப்பாதை. குளிர்காலத்தில் தெற்கே எஸ்த்ரமதுரா சமவெளி, கோடையில் வடக்கே லெயோன், சோரியா மலைப்பக்கம் என்று மெரினோ ஆடுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தன. அந்த ஆட்டுக்காரர்களின் சங்கமான 'மெஸ்தா'வை 1273-ல் பத்தாம் அல்போன்சோ மன்னர் அங்கீகரித்தார். பெரிய பாதையின் அகலம் சுமார் 75 மீட்டர். நம் நான்கு வழிச்சாலையைவிட அகலம்! மெஸ்தாவை அப்படியே புகழவும் மனசு வரவில்லை. ராஜாவின் செல்வாக்கை வைத்துக்கொண்டு, மேய்ச்சல் நிலத்தை உழக்கூடாது என்று விவசாயிகளை நெருக்கிய சங்கம் அது. 1836-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். பிறகு ரயில் வந்தது, லாரி வந்தது, நடக்கிற மந்தை குறைந்துபோனது.

ஆனால் பாதையை விட்டுவிடவில்லை. 1995-ல் தனிச்சட்டம் போட்டு, சுமார் 1,25,000 கிலோமீட்டர் மந்தைப்பாதைகளைப் பொதுச்சொத்தாகக் காக்கிறார்கள். 1994 முதல் மாட்ரிட் நகரின் நடுவே மந்தையை ஓட்டிப் போகும் விழாவும் நடக்கிறது. 1418-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஆயிரம் ஆட்டுக்கு ஐம்பது மராவெதி காசை நகராட்சியிடம் கட்டுகிறார்கள். செல்லாக்காசுதான். ஆனாலும் வழி எங்களுடையது என்பதற்கு அதுதான் ரசீது.

நம் ஊரில் ரசீது எங்கே இருக்கிறது? வண்டிப்பாதை, மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு என்றெல்லாம் கிராமக் கணக்கில் எழுதித்தான் இருக்கிறது. தரையில் போய்ப் பார்த்தால் பிளாட் கல் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் குளத்துக்குப் போன ஆட்டுப்பாதை ஒன்றைக் கம்பிவேலி மறித்துவிட்டது. இப்போது மந்தை தார்ரோட்டில் சுற்றிப் போகிறது. லாரி வேகத்தில் வருகிற இடம் அது.

என் நிலத்துக்கு வழக்கமாக வருகிற பெரியவரிடம் நாய்களைப் பற்றிக் கேட்டேன். "நாயி இல்லேன்னா ராத்திரி கண்ண மூட முடியாதுங்க சார். நரிக்கு முன்னால திருட்டுப் பயலுக்குத்தான் நாயி வேணும். பைக்குல வந்து ரெண்டு கெடாய அமுக்கிட்டுப் போயிருவானுங்க" என்றார். ஸ்பெயினின் காவல் நாய் 'மாஸ்தின்'. ஓநாய் கடிக்காதபடி அதன் கழுத்துக்கு முள் வைத்த பட்டை போடுவார்கள். நம்மிடம் கோம்பை, ராஜபாளையம் என்று பேர்போன காவல் இனங்கள் இருக்க, கிடையில் இருப்பது பெரும்பாலும் கலப்பு நாய்தான். அது போதும். அதற்கு வெறிநாய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தவறாமல் போட்டாக வேண்டும். செத்த ஆட்டின் தலையையும் குடலையும் பச்சையாக நாய்க்குப் போட்டால், அதன் வயிற்றில் வளரும் நாடாப்புழு முட்டை புல் வழியாக ஆட்டுக்கே திரும்பி மூளைக்குப் போகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நம் பக்கத்துக் கணக்கு. ஆட்டெருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 என்பார்கள். மாட்டெருவைவிட நல்ல வீரியம். கொட்டகையில் கூட்டி அள்ளினால் மூத்திரத்தில் உள்ள சத்து தரையோடு போய்விடும். கிடையில் அது நேராக நம் மண்ணுக்குள் இறங்குகிறது. ஏற்றுகூலியும் இல்லை, இறைக்கிற கூலியும் இல்லை. 'ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறுவருசம்' என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. என் ரெண்டு ஏக்கரில் நானூறு ஆட்டை எட்டு ராத்திரி மறிக்கிறேன், தினம் வலையை நகர்த்தி. ஆடு கிளம்பியதும் ஒரு மேலுழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் அப்படியே கிடந்தால் தழைச்சத்து ஆவியாகிவிடும்.

சீமைக்கருவேல் நெற்று தின்ற ஆடு வந்தால் விதையும் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். இது மெய். முதல் மழைக்குப் பிறகு நாற்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் தொல்லை இல்லை.

நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டியதும் உண்டு. சோளம் அறுத்த கட்டை துளிர்த்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இளந்துளிரில் உள்ள நஞ்சு ஆட்டை நிமிஷத்தில் சாய்த்துவிடும். பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தோ களைக்கொல்லியோ அடித்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இயற்கை விவசாயியின் காட்டுக்குக் கிடைக்காரர் நம்பி வருவதே அதற்காகத்தான். தொட்டியில் தண்ணீர் விடுவதும், கூலியைப் பேசியபடி கிளம்பும் அன்றைக்கே கொடுப்பதும் நம் பொறுப்பு. வங்கியில் இருந்தவரை பயிர்க்கடன் விண்ணப்பங்களில் ரசாயன உரச்செலவை வரிவரியாகப் பார்த்திருக்கிறேன். கிடைக்கூலி என்று ஒரு வரிகூடக் கண்ணில் பட்டதில்லை. பில் இல்லாத செலவு என்பதால் அது செலவே இல்லை என்று ஆகிவிடாது.

2006 வன உரிமைச் சட்டம் இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களின் பருவகால உரிமையையும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஆனால் அது காட்டுக்குள் மட்டும். சமவெளிப் பாதைக்கு ஊர்தான் பேச வேண்டும். ஜனவரி 26 கிராம சபை, கிடைக்காரர்கள் வருவதற்குச் சற்று முன்னால் வருகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, வண்டிப்பாதையின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு போய்த் தீர்மானம் கேளுங்கள். எண்ணோடு கேட்டால்தான் எழுதுவார்கள்.

கிடை வேண்டுவோர் மார்கழிக்குள் சொல்லிவைப்பது நல்லது. இன்ன காட்டிலிருந்து இன்ன காடு என்று அவர்கள் அப்போதே வழி போட்டுவிடுகிறார்கள். பெரியவர் இந்த வருடம் என்னிடம் முடித்துக்கொண்டு, நிலக்கடலை எடுத்த ஒரு காட்டுக்குப் போகிறார். அங்கே தண்ணீர் இருக்கிறதாம்.