நீர்மேல் ஓர் ஆசனம் – 4: படகும் பரிகரங்களும்

சென்ற மூன்று இதழ்களிலும் செசபீக் விரிகுடாவின் நீரைப் பற்றியும், அதில் சஞ்சரிக்கும் மீன்களைப் பற்றியும், மேரிலாந்து மாநிலத்தார் தூண்டிற்காரனுக்கு வழங்கும் அநுமதிச் சீட்டைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதியதைப் படித்துவிட்டு, பால்டிமோரில் வசிக்கும் வாசகர் ஒருவர், "இவ்வளவும் சரி ஐயா, படகை எப்போது வாங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆறு வருஷங்களுக்கு முன் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலையில் என் முதல் கயாக்கை வாங்கினேன். மாலைக்குள் அதற்கு வேண்டியவை என்று நான் நம்பிய சகல சாமான்களையும் வாங்கி முடித்தேன். காலையில் செய்தது பல மாதங்கள் யோசித்துச் செய்த காரியம். மாலையில் செய்தது அப்படியன்று.

கடையில் வரிசையாக நிற்கும் படகுகளின் நிறமும் பளபளப்பும் கண்ணை இழுக்கும்போது, எதை வைத்து நிறுப்பது என்பதற்கு மனத்தில் ஒரு பிரமாணம் இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பிரமாணத்தை அளித்தவர்கள் கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள். கயாக் என்னும் சொல்லே ஆர்க்டிக் பிரதேசத்து இனுயிட் மக்களுடையது. கரையில் ஒதுங்கிய மரத்தையும் எலும்பையும் கொண்டு சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்னும் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து அவர்கள் செய்த படகுக்கு அளவுகோல் அதைச் செலுத்தப் போகிறவனுடைய சரீரமேயாகும்: விரித்த இரு கைகளின் நீளத்தைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு நீளம், இடுப்பின் அகலத்தோடு இரு முஷ்டிகளைக் கூட்டிய அகலம். 1888ஆம் வருஷம் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்து, கப்பலைத் தவறவிட்டு, குளிர்காலம் முழுவதையும் அந்நாட்டின் கோட்ஹாப் என்னும் ஊரிலே கழித்த நார்வே தேசத்து நான்சென், அம்மக்களிடமே கயாக் செலுத்தக் கற்றுக்கொண்டவர். அந்த வேட்டைக் கயாக்கின் மேற்பரப்பைப் படங்களில் உற்றுப் பாருங்கள். ஈட்டிக்கு ஓரிடம், சுருட்டிய கயிற்றுக்கு முன்னால் ஒரு வட்டத் தட்டு, அடிபட்ட மிருகம் மூழ்கிவிடாமல் தடுக்கும் ஊதிய தோற்பைக்கு முதுகின் பின்னால் ஓரிடம், இவற்றைப் பிடித்து நிறுத்தக் குறுக்கே ஓடும் தோல்வார்கள். ஆக, கண் பார்க்காமலே கை போய் எடுக்கும்படி ஒவ்வொரு சாதனமும் அமைந்திருக்கும், கையெட்டாத இடத்தில் வேலைக்குரிய பொருள் ஒன்றும் இராது. முதற் கயாக் வாங்குகிறவருக்கு இதைக் காட்டிலும் நல்ல பாடத்தை எந்த விற்பனையாளரும் சொல்லித்தர முடியாது என்பது என் அபிப்பிராயம்.

இன்று மீன்பிடிப்பதற்கு விற்கப்படும் கயாக்குகளை இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம். பழைய முறைப்படி உள்ளே கால்களை நுழைத்து உட்காருவது ஒன்று. மூடிய உடலின் மேலே உட்காருவது மற்றொன்று. பின்னதை 1970-களில் கலிபோர்னியாவில் பரவச் செய்தவர் டிம் நீமியர். முழுவதும் அடைக்கப்பட்ட பிளாஸ்டிக் உடலின் ஊடே மேலிருந்து கீழாகச் சில குழாய்த் துளைகள் இருக்கின்றன. அலை மேலே ஏறினால் அந்தத் துளைகளின் வழியே நீர் தானாக வடிந்துவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டபோது எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. நம் கரையில் கட்டுமரத்தின்மேல் ஏறிய நீர் மரங்களுக்கிடையே உள்ள சந்துகளில் வழிந்து போவதும் இதே தத்துவந்தான். குழிவு இல்லாத கலத்தில் நீர் தேங்குவதற்கு இடமேது? உள்ளே அமரும் கயாக் கவிழ்ந்தால் நீர் நிரம்பிக் கனத்துப் போகும். அதை நடுநீரில் இறைத்து மீண்டும் ஏறுவது பயிற்சி பெற்றவருக்கே பிரயாசையான காரியம். மேலே அமரும் கயாக்கைப் புரட்டி நிமிர்த்தி, வயிற்றால் ஊர்ந்து ஏறிவிடலாம். ஆகையால் மீன்பிடிக்கப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டாவதையே நான் சந்தேகமின்றிச் சிபாரிசு செய்கிறேன்.

அடுத்தது அளவு. செசபீக் விரிகுடா ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளமுள்ளதாயினும் அதன் சராசரி ஆழம் 21 அடிதான்; ஆழமில்லாத நீர்ப்பரப்பில் காற்று எழுப்பும் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வருவன. எட்டு அல்லது பத்து அடிக் கயாக் குளத்துக்கும் சிற்றோடைக்கும் ஏற்றது. இந்த அலைகளில் அது ஒவ்வொரு துடுப்பு வலிக்கும் மூக்கை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு உழைப்பைத் தின்றுவிடும். நீர்க்கோட்டின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், கலத்தின் இயல்பான வேக எல்லை மணிக்கு இத்தனை கடல் மைல் என்று கிடைக்கும்: 12 அடிக்கு 4.6; பத்து அடிக்கு 4.2. வித்தியாசம் சொற்பந்தானே என்று தோன்றும். எதிர்க்காற்றில் கரை திரும்பும் மாலை நேரத்தில் அது சொற்பமாகத் தோன்றாது. அகலம் 30 அங்குலத்துக்குக் குறைந்தால் மீனை இழுக்கும்போது புதியவரின் நெஞ்சு திக்கென்னும். 36க்கு மேற்போனால் படகு மேடைபோல் ஸ்திரமாக நிற்குமேயன்றி எளிதில் நகராது. நான் வாங்கியது 12 அடி நீளமும் 33 அங்குல அகலமும் உள்ளது. அதன் எடை 32 கிலோ என்பதைக் காகிதத்தில் படித்தபோது நான் பொருட்படுத்தவில்லை. தனி ஆளாகக் காரின் கூரைமேல் அதை ஏற்றிய முதல் நாளே அந்த எண்ணின் அர்த்தம் தோள்களுக்கு விளங்கிற்று. கடையிலேயே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். அரை மணி நேரம் அதில் உட்கார்ந்தும் பாருங்கள். சுமைத்திறன் என்று அச்சிட்டிருக்கும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் எடையும் சாமான்களின் எடையும் அடங்க வேண்டும்.

பழைய கயாக் வாங்குவதில் இழிவு எதுவும் இல்லை. பாலிஎத்திலீன் தூளை அச்சிலிட்டுச் சுழற்றிச் சூடாக்கி வார்த்த உடல் பல்லாண்டு உழைக்கும். தரையில் இழுத்துத் தேய்ந்த பின் அடிப்பாகத்தையும், வடிகுழாய்த் துளைகளின் விளிம்பையும் கவனித்துப் பார்த்து, உள்ளே இரண்டு வாளி நீரை ஊற்றி வெளியே கசிகிறதா என்று சோதித்த பிறகே பணத்தை எடுங்கள். காலால் மிதித்துச் செலுத்தும் பெடல் கயாக்குகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கைகள் இரண்டும் தூண்டிலுக்கு விடுதலையாவது பெரிய சௌகரியந்தான். ஆனால் விலை இரண்டு மூன்று மடங்கு, எடையும் மிகுதி, ஆழமற்ற பாசிநீரில் அந்த யந்திரம் சிக்கிக்கொள்ளும். முதற் படகுக்கு அது அவசியமன்று. ஆஸ்கர் ஸ்பெக் என்னும் ஜெர்மானியர் 1932இல் உல்ம் நகரில் டான்யூப் நதியில் ஒரு மடக்குக் கயாக்கை இறக்கி, நம் இந்தியக் கரையையும் இலங்கையையும் தொட்டுக்கொண்டு, 1939இல் ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட சாய்பாய் தீவை அடைந்தது துடுப்பையும் ஒரு சிறு பாயையும் நம்பியே.

துடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. படகு அகலமானால் துடுப்பும் நீண்டிருக்க வேண்டும். என் 33 அங்குலத்துக்கு 240 சென்டிமீட்டர் பொருந்திற்று. எஞ்சிய பணம் எதுவாயினும் அதைத் துடுப்பின் எடையைக் குறைப்பதில் செலவிடலாம். ஒரு நாளில் அதை ஆயிரக்கணக்கான தடவை தூக்க வேண்டியிருக்கிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன். அன்று மாலை நான் வாங்கிய சாமான்களில் தூண்டிற்கோல் தாங்கிகள் நான்கு, மீன் காட்டும் கருவி, மீனை எடுக்கும் வலை, இரைப்பெட்டிகள், நங்கூரம் எல்லாம் இருந்தன. கத்தி இல்லை. நங்கூரக் கயிற்றைப் படகின் நடுவே, பக்கவாட்டில் தூக்குவதற்காக வைத்திருந்த கைப்பிடியில் கட்டினேன். கைக்கு அருகே இருப்பதுதானே வசதி என்று எண்ணினேன். மே மாதத்தில் செவர்ன் ஆறு விரிகுடாவோடு கலக்கும் இடத்தில் நங்கூரமிட்டு வெண்பெர்ச் மீனுக்காகக் காத்திருந்தபோது, ஓட்டம் நீர் வற்றும் பக்கமாகவும் காற்று அதற்கு எதிராகவும் மாறின. கயிறு விறைத்தது. படகு ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பி நின்றது. ஓட்டம் முழுவதும் அதன் விலாவில் மோத, கயிறு அந்த விலாவையே கீழே இழுத்தது. அச்சமயம் தொலைவில் சென்ற விசைப்படகின் அலையும் வந்து சேர்ந்தது. முடிச்சை அவிழ்க்க முயன்றேன். இறுகிய முடிச்சு அசையவில்லை. ஒரு கோலும் இரைப்பெட்டியும் சரிந்து நீரில் போயின. அருகில் நீண்ட கயிற்றில் இரை கட்டி நண்டு பிடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தம் படகை அணைத்து, கயிற்றை அறுத்து, "கயிறு மூக்கில் இருக்க வேண்டும் அப்பா, இடுப்பில் அல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாக்கியத்தை நிறைவேற்றும் சாதனம் மிக எளியது. படகின் அணியத்தில் ஒரு கப்பி, பின்கோடியில் ஒரு கப்பி; இரண்டையும் சுற்றிப் பக்கவாட்டில் ஓடும் வளையக் கயிறு; அந்தக் கயிற்றில் ஒரு சிறு உலோக வளையம். நங்கூரக் கயிற்றை வளையத்தின் ஊடே விட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்து வளையத்தை முன்கோடிக்கோ பின்கோடிக்கோ அனுப்பிவிடலாம். கூர்முனை ஓட்டத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். ஆனால் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இருக்க வேண்டும், இல்லையேல் நங்கூரத்தின் நகங்கள் மண்ணைப் பற்றுவதில்லை. கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவையைக் கோத்து வையுங்கள். பெரிய மீன் இழுத்தாலோ ஆபத்து நேர்ந்தாலோ மிதவையோடு கயிற்றைக் கழற்றிவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். நேர்க்கத்தி ஒன்று உயிர்காப்புச் சட்டையின் மார்பிலேயே இருக்கட்டும்.

அந்தச் சட்டையை முதலில் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்தது என் குறையே. அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விதிப்படி, கயாக்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் அணியத்தக்க சட்டை ஒன்றும், ஒலியெழுப்ப ஒரு சாதனமும் இருக்க வேண்டும். இருட்டினால் வெள்ளொளி விளக்கும் வேண்டும். சட்டை படகில் இருந்தால் சட்டம் திருப்தியடையும். உடலில் இருந்தால்தான் உயிர் தப்பும். ஏப்ரலில் வெயில் 25 டிகிரியைத் தொடும் நாளிலும் விரிகுடாவின் நீர் 12 டிகிரியில் இருக்கக்கூடும். குளிர்ந்த நீரில் விழுந்தவனுக்கு மூச்சை அடக்கிக்கொள்ள ஒரு நிமிஷம், கைகால்கள் சொன்னபடி கேட்பதற்குப் பத்து நிமிஷம், நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது குளிர்நீர் ஆராய்ச்சியாளர் சொல்லும் கணக்கு. அந்த முதல் நிமிஷத்தில் சட்டையைத் தேடி அணிவது நடவாத காரியம். ஆகவே காற்றின் உஷ்ணத்துக்கல்ல, நீரின் உஷ்ணத்துக்கே உடுத்துங்கள். முதுகின் கீழ்ப்பாகம் மெல்லிய வலையாக உள்ள சட்டையை வாங்கினால் கயாக்கின் உயர்ந்த ஆசனத்தோடு இடிக்காது.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். ஆசனத்தின் பின்னே ஒரு பால் கூடை. அதில் கட்டிய இரண்டு குழாய்களில் இரண்டு கோல்கள். அதற்கு மேல் முதல் வருஷம் வேண்டாம். தாங்கி முதலியவற்றைப் பொருத்தப் படகில் துளையிடுவதற்கு முன் பல பிரயாணங்கள் போய்வாருங்கள், ஏனெனில் கை எங்கே போகிறது என்பதை நீரில்தான் அறிய முடியும்; தப்பான இடத்தில் இட்ட துளையைப் பாலிஎத்திலீனில் அடைப்பது எளிதன்று, பெரும்பாலான பசைகள் அதில் ஒட்டா. மீன் காட்டும் கருவியின் ஒலியுணரியைப் படகின் உட்புறத்திலேயே, காற்றுக்குமிழி சிக்காமல் பதித்துவிடலாம். ஒலி பிளாஸ்டிக்கைத் தாண்டும், காற்றைத் தாண்டாது. துடுப்பு, கோல், இடுக்கி எல்லாவற்றுக்கும் குட்டையான வார் கட்டுங்கள். நீண்ட வார் கவிழ்ந்தவனின் காலைச் சுற்றும்.

இவை எல்லாம் பொருத்தியான பிறகு, கோல்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஜூன் மாதத்து வெதுவெதுப்பான நீரில், மார்பளவு ஆழத்தில், நண்பர் ஒருவர் அருகே நிற்க, உங்கள் கயாக்கை நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். புரட்டி நிமிர்த்துங்கள், காலை உதைத்து வயிற்றால் ஏறுங்கள், திரும்பி உட்காருங்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள். ஏறும்போது சட்டையில் மாட்டுகிற தாங்கி எதுவோ அதை அன்றே கழற்றி வேறிடத்தில் வையுங்கள். பத்தாவது முறையும் தடையின்றி ஏறிவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் செவர்ன் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போவோம்.